அறையிசை

யூஜின் எழுதியதை வாசிப்பான்.
நான் பாடியதை எழுதமாட்டேன்.
இப்படித்தான் தொடங்கியது.

உள்துறைமுக வீதியில்
மின்சாரச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை.
ஃபேன் போட்டால் தாள்கள் பறக்கும்.
நிறுத்தினால் செலோவின் பிரடைகள் வியர்த்து வழுகும்.
எந்த ஊர் மரமென்று
உப்புக்காற்று விசாரிப்பதில்லை.

என்னிடம் ஏழு பாட்டு.
ஒன்று, தண்ணீர்க் கட்டண வரிசையில்
நாற்பத்தாறாம் இலக்கமாய் நின்ற என்னைப் பற்றி.
ஒன்று, கோட்டை வாசலில்
என் சொப்பிங் பையைத் தின்ற மானைப் பற்றி.
காதல் பாட்டும் உண்டு, பெயர் சொல்லாமல்.

"வள்ளம் என்ற சொல்லை
எத்தனை எண்ணிக்கைக்கு இழுக்கிறாய்?"
"வள்ளம் கரைக்கு வரும்வரை."
"நான்கா, ஐந்தா?"
"காற்றைப் பொறுத்தது."
பென்சிலைக் கடித்தான்.
இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.
பிறகு அந்தச் சொல்லின் கீழே
நீளமாய் ஒரு வளைகோடு போட்டுக்கொண்டு வந்தான்,
அலை திரும்பும்போது மணலில் விடுவது போல.

அறையிசை என்று பெயர் வைத்ததும் அவன்தான்.
அறை கன்னத்திலும் விழுமே என்று சிரித்தேன்.
விழட்டும் என்றான்.
டச்சு பே பக்கம் கடல்
கல்லில் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்குக் கச்சேரி.
கொழும்பிலிருந்து இரண்டு வயலினும் பஸ்ஸில் வந்துவிட்டன.
வியோலா இரவு ரயிலில்.
ஐந்தரைக்குச் செவ்வந்தியின் குறுஞ்செய்தி:
"யானை படுத்திருக்கிறது. எஞ்சின் சாய்ந்திருக்கிறது.
எனக்கு ஒன்றுமில்லை."

மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர்,
அதில் பதினொரு பேர் யூஜினின் மாமிமார்.

மூன்றாம் பாட்டில்
வியோலா தனியே பேசவேண்டிய எட்டுக் கட்டங்கள்.
வயலின்கள் வில்லை இறக்கின.
யூஜின் என்னைப் பார்த்தான், நான் சன்னலைப் பார்த்தேன்.
உதடு அசையாமல் எட்டையும் எண்ணினோம்.
வெளியே ஓர் ஆட்டோ பின்னுக்கு வந்தது.
ஒரு பிள்ளை இருமியது.
எனக்கு அந்த யானை ஞாபகம் வந்தது.
ஒன்பதாவதில் வள்ளம் என்றேன்.
என் மூச்சு தீரும்வரை செலோ கூடவே நின்றது.
நான்கா, ஐந்தா, தெரியாது.

முடிந்தபின் ஒரு மாமி கையைப் பிடித்தாள்:
"எல்லாரும் சும்மா இருந்தியளே,
அந்த இடம்தான் பிள்ளை, சரியான வடிவு."

பின்னேரம் லொறியில் வந்து இறங்கினாள் செவ்வந்தி.
முழங்காலில் பிளாஸ்டர். பெட்டியில் ஒரு கீறலில்லை.
கடைக்கு மேலே, ஃபேனை நிறுத்திவிட்டு
எட்டுக் கட்டத்தையும் வாசித்துக் காட்டினாள்.
பிழையே இல்லை.
யூஜின் ஆறு இரவு முழித்து எழுதியது, அப்படியே.
கைதட்டினோம்.
கொஞ்சம் கூடுதலாகவே தட்டினோம்.

அவள் முகம் கழுவப் போனதும்
யூஜின் அழிறப்பரை எடுத்தான்.
நான் பறித்துக்கொண்டேன்.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது மட்டக்களப்பில்.
செவ்வந்திக்கு பஸ்ஸில் முன்சீட் பதிந்தாயிற்று.
அழிறப்பர்
என் கைப்பையில்தான் கிடக்கிறது,
சில்லறைக்காசுக்கும் சாவிக்கும் இடையில்.