ஆன் எம்.

முதல் சம்பளக் காசோலையில் என் பெயரை
இரண்டாய் வெட்டியிருந்தார்கள்: ஆன் எம்.
மொன்றியலில், ஷபனெல் தெருவில், ஏழாம் மாடியில்
குளிர்கோட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் வேலை.
வெட்டுவதும் ஒட்டுவதும் எங்களுக்குப் புதிதல்ல,
ஆனாலும் அம்மாவைப் போய்
ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்களே.

"ஆன்!" என்று சூப்பர்வைசர் கத்தினால்
நான்கு தலை திரும்பும்.
லாவாலிலிருந்து வரும் ஆன்,
அசோரஸ் தீவுக்காரி ஆனா,
வியட்நாம்காரி அன்
(அவள் பெயருக்கு வேர் வேறு,
ஆனாலும் திரும்புவாள், பாவம்),
பிறகு நான்.

கணக்குப் பிரிவு ஹன்னா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"முழுப்பெயர் சொல்" என்றாள். சொன்னேன்.
"அட, அது என் பெயரல்லவா?"
ஒரு பற்றுச்சீட்டின் பின்னால்
வலமிருந்து இடமாக மூன்றெழுத்து எழுதினாள்.
அருள் என்று பொருளாம்.

மீன்முள் சிக்கிய தொண்டையைச் செருமுவதுபோல்
தொடங்கும் அந்த ஹ
போர்த்துக்கீசர் கப்பலில் ஏறவேயில்லை.
இரட்டை ன-வில் ஒன்றும் கடலில் விழுந்தது.
வெறும் ஆனாவாகப் பேசாலையில் கரையேறியவளுக்கு
எங்கள் ஆட்கள்
விழுந்த ன-வை மீட்டுக் கொடுத்தார்கள்.
தனியே நிற்கிறாளே என்று
ஓர் அம்மாவையும் துணைக்கு வைத்தார்கள்.

ஐயாவுக்கு இதெல்லாம் தெரியாது.
நான் பிறந்தது பாணுக்கு வரிசையில் நின்ற வருடம்.
சுவாமியார் புனிதையின் பெயரைச் சொல்ல,
அவர் காதில் விழுந்தது அன்னம் மட்டும்தான்.
பெயரைக் கூப்பிடக் கூப்பிட
சோறு வந்து நிற்கும் என்று நம்பினார்.
மரவள்ளிதான் வந்தது.

அன்னப்பறவை என்று புகழ்ந்தார் ஒரு ரீச்சர்,
பாலையும் நீரையும் பிரிக்குமாம்.
நான் லைனிங்கையும் துணியையும் சேர்ப்பவள்.

ஹன்னா பிழை திருத்தக் கணினியைத் திறந்தாள்.
பெட்டிக்குள் எட்டு எழுத்துத்தான் போகும்.
விரல்விட்டு எண்ணினோம்: சரியாக எட்டு.
"கடைசியில் இந்த எச் எதற்கு?"
கொழும்பில் பாஸ்போர்ட் எழுதியவர்
தன்பாட்டில் போட்டது,
ஒருவரும் உச்சரிப்பதில்லை என்றேன்.

தன் தலையெழுத்து
என் பெயரின் வாலில் ஒட்டியிருப்பதை
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அழித்துவிடு, வேண்டுமென்றால்."
"இருக்கட்டும்" என்றாள்.

மணி அடித்தது.
என் மேசையில் பதினொரு கோட்டு
கையில்லாமல் காத்துக் கிடந்தன.