நிறுவை

செவ்வாய், வியாழன், சனி.
விடியும் முன் என் பழைய கன்சில் இருமி எழும்.
பீடோர் சாலையோரம் கொய்யாக் கடைகள்
கித்தான் போர்த்தித் தூங்கும் நேரம்.
கொளஞ்சியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து
முன்சீட்டில் உட்கார வைப்பேன்.
செருப்பை மட்டும் அவளே தடவி மாட்டிக்கொள்வாள்.
நான் கதவைப் பிடித்தபடி நிற்பேன்.
அதுவரை இறங்கவில்லை என் தாழ்மை.

தெலுக் இந்தானில் நாலு மணி நேரம்
அவள் இரத்தம் வெளியே போய்க் குளித்து வரும்.
நான் வராந்தாவில் ஜெபமாலை உருட்டுவேன்,
பாதியில் தூங்குவேன்.

தவக்காலத்து முதல் ஞாயிறு
ஃபாதர் பீடத்தில் நின்று என் பெயரைச் சொன்னார்.
ஞானாதிக்கம் ஐயாவைப் பாருங்கள் என்றார்.
தலை குனிந்தேன்.
எவ்வளவு அழகாகக் குனிகிறேன் என்று
குனிந்தபடியே பார்த்துக்கொண்டேன்.
வலது கை பெட்ரோல் போடும்போதெல்லாம்
இடது கை ரசீதை மடித்துப் பையில் வைத்தது.
பதினொரு மாத ரசீதுகள், பிஸ்கட் டின்னில்.
யாரிடம் காட்ட என்று கேட்காதீர்கள்.

அவள் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.
மெதுவாப் போ என்பாள்.
ஏர்கோன அடை என்பாள்.
கொய்யா வாசம் வருது, கண்ணாடிய இறக்கு என்பாள்.
தின்னக் கூடாது, டாக்டர் உத்தரவு.
கடைகள் முடியும் வரை
மூக்கு மட்டும் வெளியே இருக்கும்.

போன சனிக்கிழமை நர்ஸ் ஃபோனில் இருந்தாள்.
ஊசி குத்துமுன் எடை பார்க்க வேண்டும்.
சர்க்கரை தின்ற கண்கள்.
தராசில் ஏறிச் சுவரைப் பிடித்து நின்றாள்.
"எவ்ளோ காட்டுது?"
எட்டிப் பார்த்து
ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு என்றேன்.

"சரியாப் பாரு, கிராணி."

கோபமில்லை. சுவரிடம்தான் சொன்னாள்.

இருபத்தாறு வருடம்.
பால் கொட்டகையில் நிழல் எனக்கு, வரிசை அவர்களுக்கு.
வாளி தொங்கும், முள் ஆடும்,
முள் நிற்பதற்குள் எழுதிவிடுவேன்.
தண்ணி கலந்த பாலென்று ஒரு கிலோ.
வாளி எடையென்று ஒரு கிலோ.
எதிர்த்துப் பேசினால் இன்னும் அரை.
கிறிஸ்துமஸுக்குத் துரை வீட்டிலிருந்து கேக் வரும்.
வெட்டி லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்,
அவரவர் அம்மா சுமந்த பாலில் செய்த கேக்கை.
இவள் அப்போது நாற்பத்தேழாம் நம்பர்.
பேரேட்டில் பெயருக்கு இடமிருந்தது.
எழுதியதில்லை.

இப்போது அங்கே கித்தா மரமில்லை, செம்பனை.
கொட்டகை நின்ற இடத்தில் பையன்கள் பூப்பந்து ஆடுகிறார்கள்.
மரங்களெல்லாம் மறந்த எண்ணை
இவள் மறக்கவில்லை.

இங்கே எண் தவறினால்
இயந்திரம் கூடுதலாய் நீரை உறிஞ்சிவிடும்.
தலை சுற்றும், கெண்டைக்கால் முறுக்கும்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.
முட்டி தரையில் பட்டது.
அப்போதுதான் பார்த்தேன்.
செருப்போடு நிற்கிறாள்.

முதலில் இடது. பிறகு வலது.
குதிகாலில் வெடிப்பு,
வெடிப்புக்குள் எந்தக் காட்டு மண்ணோ.
முள், அல்ல, சிவப்பு எண்
ஆடி அடங்கும் வரை காத்திருந்தேன்.
ஐம்பத்தெட்டு புள்ளி மூணு என்றேன்.

"இது நியாயமான கழிவு,"
என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும் வழியில் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லை அடுக்கி முடிப்பதற்குள் லங்காப் வந்துவிட்டது.
அவள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
எண்ணெய்க் கடையில் ரசீது வேண்டுமா என்றான் பையன்.
வாங்கிக்கொண்டேன். பழக்கம்.

அவள் வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது
வெறுங்காலோடு தரையைத் தடவினாள்.
செருப்புகள் அங்கேயே,
தராசுக்குப் பக்கத்தில்.

திரும்ப நாற்பது நிமிடம்.
இந்த முறை ரசீது இல்லை.
சொல்ல வேண்டியதும் இன்னும் சொல்லவில்லை.