ஒவ்வாமை உண்டா? இல்லை

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே
மாடி ஏறி வந்தாள் சுகிர்தா.
கீழே மருந்துக்கடை. அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள்.
"அழுதுட்டேன்க்கா. ராத்திரி தூங்கல."

அழுத இமை எனக்குத் தெரியும்.
முத்தியால்பேட்டையில் ஆறு வருஷமாக
மூடிய கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அழுத வீக்கம் பதினோரு மணி தாண்டாது,
வெயில் ஏற வடிந்துவிடும்.
இது மூன்றாம் நாள்.
இரண்டு பக்கமும் ஊறிய பட்டாணி.
சொறியக் கூடாதென்று
நகத்தைத் தொடையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எரிச்சல் வேறு, அரிப்பு வேறு.
ஆவி பட்டால் எரியும், சிவக்கும்,
மறுநாள் கண்ணே அதை மறந்திருக்கும்.
அரிப்பு அப்படியில்லை,
போகும்போது விலாசம் வாங்கிக்கொண்டு போகும்.

"போன தடவை ஒன்னும் ஆகலையே?"
எல்லோரும் கேட்பதுதான்.
முதல் தடவை உடம்பு வேடிக்கை பார்க்கும்.
அடுத்த தடவை பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும்.
பிறகொரு நாள்
பெயர் சொல்லும் முன்பே கதவைச் சாத்தும்.

செருப்பறுந்தால் ஒரு துளி விட்டு ஒட்டுகிறோமே,
அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி இந்தப் பசை.
காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து இறுகும்.
நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?
சுவரில் தொங்கும் ஈரமானி இன்று எழுபத்தெட்டு.
ஜன்னலைச் சாத்தினால் ஆவி போக வழியில்லை.
திறந்தால் கடல் உள்ளே வந்து
முடி சேருமுன் பசையைக் கல்லாக்குகிறது.

எங்கே ஒட்டினாய் என்று கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
மஞ்சக்குப்பத்தில், பாதி விலைக்கு,
அரை மணி நேரத்தில்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஒரு முடிக்கு ஒரு முடி இல்லை.
நாலைந்தைச் சேர்த்துக் கட்டி
தோலோடு தோலாக, கீரைக்கட்டு மாதிரி.
ஒன்று வளர்ந்தால் மற்றதெல்லாம் இழுபடும்.

"பிச்சு எடுத்துரவாக்கா? புதன்கிழமை கல்யாணம்."

கையைப் பிடித்தேன்.
வந்தால் உன்னுடையதும் சேர்ந்து வரும்.
வெளிச்சம் கூசுதா? மங்கலாத் தெரியுதா?
"கூசுது."
அப்படியென்றால் என் வேலை அப்புறம்.
ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் அனுப்பினேன்.
சாயங்காலம் சொட்டு மருந்தோடும்
டாக்டரின் கோணல் எழுத்தோடும் திரும்பி வந்தாள்.
களிம்பு தடவி, காத்திருந்து,
ஒவ்வொன்றாக வழித்தெடுக்க
விளக்குக்குக் கீழே ஒன்றரை மணி நேரம்.

பாதியில் கேட்டாள், கண்ணை மூடியபடியே:
"உங்களுக்கு யாருக்கா ஒட்டிவிடுவாங்க?"

யாருமில்லை.
ரெண்டு வருஷத்துக்கு முன்பு
என் இமையும் இப்படித்தான் எழும்பியது.
அன்றிலிருந்து கையுறை, முகமூடி,
முகத்துக்கு எதிரே சின்ன மின்விசிறி.
என் இமை மொட்டை.
ஆறு வருஷத்தில் ஒருத்தியும் கவனித்ததில்லை,
என் எதிரே எல்லோரும்
கண்ணை மூடித்தானே படுக்கிறார்கள்.

கல்யாணப் படம் போனில் வந்தது.
இமையில் எதுவும் இல்லை, மையும் இல்லை.
இடது ஓரத்தில் நாலு முடி காணோம்.
தாலி ஏறும் படத்தில் கண்ணை மூடியிருக்கிறாள்.
அதைத்தான் முதலில் அனுப்பியிருந்தாள்.

இன்று காலை ஒரு பெண்.
சனிக்கிழமை வளைகாப்பு, இன்றைக்கே வேண்டுமாம்.
படிவத்தை நீட்டினேன்.
ஒவ்வாமை உண்டா?
இமைக்கும் நேரத்தில் 'இல்லை'யில் ஒரு டிக்,
பேனாவைத் திருப்பி நீட்டுகிறாள்.

நான் வாங்கவில்லை.
நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு
முகமூடியைக் கழற்றினேன்.
ஓரத்தில் ரெண்டே ரெண்டு முடி இன்றைக்கு,
ரெண்டு நாள் கழித்து வாங்க.
அதற்கு முன்னால், தலைக்குச் சாயம் பூசினபோது
எப்பவாவது அரிச்சிருக்கா?

யோசிக்கிறாள்.
நல்லது.
யோசிக்கட்டும்.