நான்கெல்லை

வடக்கே ஃப்ரிட்ஜ்.
தெற்கே, கடல் தெரியும் என்று சொல்லி வாடகை கூட்டிய ஜன்னல்.
கிழக்கே செருப்பு ஸ்டாண்டு, மேற்கே கழுவாத பாத்திரம்.
இவற்றுக்கு உட்பட்ட சாப்பாட்டு மேசை ஒன்று,
இஸ்திரி மேசை ஒன்று, பந்தல் கடை நாற்காலி ஆறு.
பத்திரம் எழுதிப் பிழைக்கிற கை
சீட்டாட்ட விதியையும் இப்படித்தான் எழுதும்.

குருசுக்குப்பம், இரண்டாம் மாடி, சனிக்கிழமை ராத்திரி.
மேசைக்கு நாலு பேர். ஐந்து ஆட்டம்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்டம் மாறும்.
ஹோல்டெம், அது எல்லோருக்கும் தெரியும்.
ஓமஹா, தெரிந்த மாதிரி இருக்கும்.
ஸ்டட்டுக்கு ஞாபகசக்தி வேண்டும், ஜக்கரியாவுக்குக் கிடையாது.
நாலாவது, கூட்டு சேர்ந்து ஆடும் முந்நூற்றுநாலு.
கடைசியில் தலைகீழ் டிரா:
இருப்பதிலேயே மட்டமான கை எவருடையதோ
அவருக்கே மொத்தமும்.
எழுதி, மூன்று நகல் எடுத்து,
ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

காசு வைக்கவில்லை. காசு வைத்தால்
கீழ்வீட்டு ஏட்டு மாடிப்படி ஏறுவார்.
தையல்கடை குணவதி டப்பாவோடு வந்தாள்.
வெள்ளைப் பித்தான் ஐந்து, கறுப்பு இருபத்தைந்து,
கோட்டுப் பித்தான் நூறு.
உப்புக்காற்றில் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள
தணிகைவேல் ஒவ்வொன்றுக்கும் பவுடர் பூசினான்,
பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல.

சொல்தா பென்ஷன் வாங்கும் காப்ரியேல் முசே
முந்நூற்றுநாலு தொடங்கும்போது எழுந்து நின்றார்.
பெலோத் இல்லாமல் என்ன போட்டி?
துருப்பு ஜாக்கிக்கு இருபது, ஒன்பதுக்குப் பதினாலு,
ஜிபூத்தி முகாமில் விடிய விடிய ஆடியது அது.
"எங்க கடலூர் ஓ.டி.யில ஜாக்கிக்கு முப்பது முசே,
நீங்க பத்து கம்மியா வாங்கியிருக்கீங்க,"
என்றான் ஜக்கரியா.
இருபது நிமிடம் போயிற்று.
கடிகாரத்தை நிறுத்த விதியில் இடமில்லை.
ராஜாவைவிட ஜாக்கி பெரியவன் என்பதில் மட்டும்
இரண்டு ஊரும் ஒத்துப்போய்
மிச்சமிருந்த சமோசாவைப் பிய்த்துக்கொண்டது.

பதினொன்றரைக்கு என் கையில் ஐந்து சீட்டு.
கிளாவர் ஏழு. ஆர்ட்டின் ஐந்து. டைமன் நாலு.
இஸ்பேட் மூணு. இன்னொரு ஆர்ட்டின், ரெண்டு.
ஜோடியில்லை, வரிசையில்லை, படமில்லை.
ராத்திரி முழுக்க இப்படியே வருகிறது என்று
உச்சுக் கொட்டிக் கவிழ்த்தேன்.
சமோசாத் தட்டை எடுக்க எழுந்தும்விட்டேன்.

நடுவில் மூன்று கோட்டுப் பித்தான், கணக்கற்ற கறுப்பு.
தணிகைவேல் விரித்தான்: ஒன்பது, எட்டு, அப்புறம் பொடிகள்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
"அடடா, எவ்வளவு மட்டம்!"
அந்தப் பாராட்டில்தான் எனக்கு உறைத்தது,
ஆட்டம் மாறிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அதைவிட மட்டமான கை
அந்தக் கட்டில் யாருக்கும் வராது.
நான்தான் எழுதினேன், ஏழாவது விதி:
கவிழ்த்த சீட்டு கவிழ்த்ததே,
பின்னிட்டு எவ்வித பாத்தியமும் கிடையாது.
ஃப்ரிட்ஜில் என் கையெழுத்தோடு தொங்கியது.

ஆபீஸ் வாசலில் வாரத்துக்கு ஒருவராவது நிற்பார்கள்.
தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேம்மா.
படித்துக் காட்டினேனே, என்பேன்
பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

குணவதி சீட்டைக் கூட்டிக் குலுக்கினாள்.
என் ஐந்தும் பவுடர் மணத்தோடு உள்ளே போயின.
"என்னக்கா வச்சிருந்தே?"
"ஒண்ணுமில்ல," என்றேன்.
அதுவும் உண்மைதான், வேறு எந்த ஆட்டத்திலும்.

காலையில் நாற்காலிகள் போனபிறகு
இஸ்திரி மேசையடியில் உள்ளங்காலில் ஒட்டியது
ஒரு கறுப்புப் பித்தான்.
இருபத்தைந்து.
இது யாருடையது என்று
இந்தத் தெருவில் யாரையும் கேட்பதாயில்லை.