ஒன்பது குடுமி

பசனௌரி சாலையில் லாரிகள் நிற்கும் கடை.
ஹின்காலி பரிமாறுபவள் நான்.
கொழுக்கட்டை மாதிரிதான், உச்சியில் முறுக்கிய குடுமி.
அதைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி
ஓரம் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்.
அவசரப்பட்டால் நாக்கு வேகும்,
சட்டையும் போகும்.
குடுமியை யாரும் தின்பதில்லை.
எத்தனை உள்ளே போயிற்று என்பதற்குத்
தட்டிலேயே சாட்சியாய்க் கிடக்கும்.

நுக்ஸாருக்குக் கால் பெருவிரலில் கீல்வாதம்.
போர்வை உரசினாலே அலறுவாராம்.
வாரத்துக்கு நாலு போதும் என்றார் மருத்துவர்.
வியாழன்தோறும் ஒன்பது சாப்பிடுவார்,
மிளகுத்தூள் தூவி, கண்ணை மூடி,
முழங்கை வரை சாறு வழிய.
வெளியே மனைவியின் கார் உறுமினால்
ஐந்து குடுமி கோட்டுப் பைக்குள் போகும்.
லமாரா தட்டை எண்ணுவாள்.
"நாலு" என்பாள். என்னைப் பார்ப்பாள்.
நான் மேசை துடைப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாக வருவாள்.
ரத்த அழுத்தம், உப்பே ஆகாது.
உப்புக் கரிக்கும் சீஸ் ரொட்டி, முழுசாக ஒன்று.
அதற்குக் குடுமி கிடையாது.

போன வியாழன் கோட்டுப் பையில் ஓட்டை.
வாசலிலிருந்து கார் வரை
ஒவ்வொன்றாய் உதிர, கடை நாய் பின்னாலேயே போனது.
லமாராவின் உதடு மட்டும் அசைந்தது.
ஐந்தாவதை நாய் விழுங்கும்வரை
கார்க் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள்.
"இதுக்குத் தீனியே போடறதில்லையா?" என்றாள் என்னிடம்.

இந்தச் செவ்வாய் அந்தக் கோட்டோடு வந்தாள்.
ரொட்டி வேகும் நேரத்தில்
பையைத் தைத்து முடித்தாள்,
இரட்டை நூலில்.