திங்கட்கிழமைப் பட்டியல்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி விளக்கு தெரிந்ததும்
தானாக எழுந்துகொள்கிறது உடம்பு.
லக்னோவில் தோற்று, பெங்களூரில் பஸ் ஏறி,
ஓசூர் தாண்டிக் கண்ணயர்ந்து,
மூன்று மட்டைகளும் மடியில் கிடக்க
நடத்துனர் கேட்கிறார்: "என்ன தம்பி, கிட்டாரா?"
ஆமாம் என்கிறேன்.
விடியற்காலை நாலு மணிக்கு
விளக்கம் சொல்ல மூச்சு இல்லை.

இன்று திங்கள்.
எங்கோ ஒரு கணினி என் பெயரிலிருந்து
ஒரு புள்ளியைக் கழிக்கும்.
போன வருடம் இதே வாரம்
துனிசியாவில், காற்றடித்த மதியத்தில்,
வயிற்றுப்போக்கோடு ஆடிய பல்கேரியப் பையனிடம்
நான் வென்ற ஒரே ஒரு புள்ளி.
ஐம்பத்திரண்டு வாரம் வைத்துக்கொள்ளத் தருவார்கள்.
பிறகு வட்டிக்கடைக்காரர் மாதிரி
சொன்ன தேதிக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள்.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழாவது ஆள்
இன்று முதல் எத்தனாவதும் இல்லை.

சித்திரையில் பர்கூர் வங்கிக்குக் கடன் கேட்டுப் போனேன்.
தொழில் என்ற கட்டத்தில்
டென்னிஸ் என்று எழுதியிருந்தேன்.
மேலாளரம்மா நல்லவர், மோர் வரவழைத்தார்.
"டிவியில வருமா?"
வராது மேடம்.
"வருஷத்துக்குக் கையில எவ்ளோ நிக்கும்?"
சொன்னேன்.
பரிசுப் பணத்தில் அந்த நாட்டு வரி போக,
விடுதி போக, நரம்பு போக, விமானம் போக,
சலவைக்கு எட்டு டாலர் கேட்டதால்
குளியலறையில் நானே துவைத்தது மட்டும் லாபம்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.
மாங்கூழ் கம்பெனிக்கு லாரி ஓட்டலாமே என்று
அவர் சொல்லவில்லை.
அதைச் சொன்னவன் மச்சான் முனிரத்தினம்.
லாரியும் அவனுடையது.

நாற்காலியில் நடுவர் இருக்கும் ஆட்டம்
எனக்கு வாய்ப்பது அபூர்வம்.
வாய்த்தாலும் என் பெயரில் ஏறத் தொடங்கி
பாதி மலையில் நின்றுவிடுவார்கள்.
திம்மராயன். அப்பா பெருமாளுக்கு நேர்ந்து வைத்தது.
ஸ்கோர் பலகையில் இடம் போதாமல் வெறும் 'திம்'.
தரையில் மூட்டை விழுகிற சத்தம்.

தகுதிச் சுற்றில் பெரும்பாலும் நாங்களேதான்.
வலைக்கு இந்தப் பக்கம் விழுவதை நான் சொல்ல வேண்டும்,
அந்தப் பக்கம் அவன்.
பிப்ரவரி, இந்தூர், கடைசித் தகுதிச் சுற்று.
டைபிரேக்கில் எட்டுக்கு ஒன்பது, அவன் கை மேலே.
அவன் அடித்தது பின்கோட்டின் வெளி விளிம்பில்
எறும்பு அகலத்துக்குப் பட்டது.
செம்மண் தளமென்றால் தடம் காட்டிக்கொடுக்கும்.
இது சிமெண்ட், மேலே பச்சைப் பெயிண்ட்.
பார்த்தவன் நான் ஒருவன்.
விரலை உயர்த்தியிருந்தால் ஒன்பதுக்கு ஒன்பது.
உயரவில்லை.
நடந்துபோய் வலையருகே கைகொடுத்தேன்.

நேர்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
அன்றிரவு ரயிலின் மேல் படுக்கையில்
அந்த விரலை நானே கடித்துக்கொண்டேன்.
அவன் இப்போது தொள்ளாயிரத்துச் சொச்சம்.
திங்கள்தோறும் முதலில் தேடுவது அவன் பெயரைத்தான்.
ஏறியிருந்தால் எரிகிறது.
இறங்கியிருந்தால்
அதைவிட.

ஆறு மணிக்கு அலுவலர் மன்றத்தின் ஒரே தளம்.
வலையில் நடுவே கிழிசல், அதற்கு நைலான் கயிற்றுத் தையல்.
கண் டாக்டர் ஷாஹிதாவுக்கு பேக்ஹேண்ட் பழக்க
மணிக்கு நானூறு ரூபாய்.
சையத் பாஷா மலைக்குப் பின்னால்
வெளிச்சம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.
அவர் அடித்தது கோட்டருகே விழுகிறது.
"உள்ளேயா?"
வெளியே டாக்டர், ரெண்டு விரல்.
"நல்லாப் பாத்தீங்களா?"
பார்த்தேன்.
அவருக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கும்.

பையில் போன் அதிர்கிறது.
பட்டியலாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம்.
அவருடைய நேரத்தில் இன்னும்
இருபது நிமிடம் இருக்கிறது.
கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுக்கிறேன்.