மூன்றெழுத்து

சார்ஜென்ட் அவெனியூ சலவைக் கடையில்
உலர்த்தி கேட்பதும் மான்தலைக் காசு,
மூலையில் நிற்கும் ஆட்டப்பெட்டி கேட்பதும் அதே.
வின்னிபெக். வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

ஜப்பான் கார்ட்டூன் ஒன்றிலிருந்து இறங்கிவந்த பெட்டி.
நீலமுடிக்காரி, முதுகில் இரும்புச் சிறகு,
இடமிருந்து வலமாக மட்டுமே ஓடும் வானம்.
குண்டு போடுமுன் ஒவ்வொரு முறையும் ஏதோ கத்துவாள்.
எனக்கு அது "அட, தள்ளு!" என்றுதான் கேட்கும்.

பட்டியலின் உச்சியில் ஏ ஏ ஏ.
பெயர் எழுதக்கூட மெனக்கெடாத கெட்டிக்காரன்.
மூன்று மாதம், திங்கள்தோறும்,
இல்லாத அவன் முகத்தை நினைத்து நினைத்துச் சுட்டேன்.
பட்டியலில் ஒருநாளும் ஏறவில்லை.

போன திங்கள்
நாலாம் கட்டத்து நண்டுக்கப்பல் வெடித்தது.
பெயர் கேட்டது பெட்டி: மூன்றே எழுத்து, பத்து விநாடி.
வதனி.
தமிழில் அளவெடுத்துத் தைத்த பெயர்,
இங்கிலீசில் வால் நீண்டுவிடும்.
ஏழு, ஆறு...
வீ, ஏ, டீ என்று நிறுத்தினேன்.
கடைக்கார ரொமுலோ எட்டிப் பார்த்தான்:
"வாட் என்றால் பெரிய தொட்டி. கடைக்குப் பொருத்தம்."

உலர்த்திக்கு வைத்த காசும் அதற்குள் போயிருந்தது.
ஈரச் சீருடை தெருமுனை தாண்டுமுன் விறைத்து
கை விரித்துக்கொண்டது.

இன்று வந்தால்
உச்சியில் மறுபடி ஏ ஏ ஏ.
"இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், கரண்ட் பில்"
என்கிறான் ரொமுலோ.
"அது ஆளே இல்லை. தொழிற்சாலையில் போட்டு அனுப்பியது."

அத்தனை வசவும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

கையில் ஒரே ஒரு மான்தலை.
உலர்த்தி வாயைத் திறந்து வைத்திருக்கிறது.
அட, தள்ளு என்கிறாள் அவள்.